விக்கிரவாண்டி தாண்டினால் வரும் நோய்

என் காரின் பானெட்டுக்குள் இனிமேல் என் கையைத் தவிர வேறு கை நுழையாது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சபதம் செய்தேன். சாட்சிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். பக்கத்து வீட்டு யூசுப் அலி பாய் ஒருவர். என் மனைவி அனந்தமதி இன்னொருவர். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அனந்தமதி சிரிக்கவில்லை. பயப்பட வேண்டிய இடம் அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் தேவகுமார் நயினார். செஞ்சிப் பக்கம் வல்லத்துக்காரன். பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஐம்பதைத் தொடுவதற்குள் ஊர்ப்பக்கம் போய்விடலாம் என்று விழுப்புரத்துக்குத் திரும்பியவன். வரும்போது ஒரு பழைய காரையும், எதையும் நிதானமாக யோசித்துவிட்டுச் செய்யும் பழக்கத்தையும் கொண்டுவந்தேன். இரண்டுமே ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும். படிப்பு எனக்குப் பாதி தமிழில், பாதி இங்கிலீஷில். ஆகையால் ஒரு சந்தேகம் வந்தால் அது இரண்டு மொழியிலும் வரும்.

கார் எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். தப்பு அதன் மேல் இல்லை.

நோய் இதுதான். வீட்டு வாசலில் நாள் முழுக்க ஓட விட்டாலும் பசுமாடு அசைபோடுவதுபோல் அமைதியாக ஓடும். விழுப்புரம் கடைத்தெருவுக்குப் போய்வரும். பக்கத்து ஊர் காணைக்குப் போய்வரும். ஆனால் திண்டிவனம் சாலையில் விக்கிரவாண்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு இருமல். ஒரு விக்கல். அப்புறம் மௌன விரதம். அரை மணி கழித்து, அதற்கே மனசு மாறினால் கிளம்பும்.

திண்டிவனத்தில்தான் எங்கள் ஒரே மகள் குணமதியைக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு போட்டுப் பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். என் காரில், நான் ஓட்டி, மகளைக் கூட்டிவர வேண்டும் என்பது பம்பாயில் இருக்கும்போதே நான் கண்ட கனவு. இந்தக் கனவுக்கும் எனக்கும் நடுவில் விக்கிரவாண்டி உட்கார்ந்திருந்தது. சம்பந்தி பார்சுவநாத் வேறு, நான் தாமதமாகப் போய் இறங்கும்போதெல்லாம் மிகுந்த மரியாதையோடு கேட்பார்.

"பஸ்ல வந்திருந்தா வெரசா வந்திருக்கலாமே சம்பந்தி?"

ஒரு ஒர்க் ஷாப்பில் காரை விட்டேன். ஏதேதோ பாகங்களை மாற்றினார்கள். நோயை மட்டும் அப்படியே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றுதான் அந்தச் சபதம்.

பம்பாய் நடைபாதையில் வாங்கிய ஓர் இங்கிலீஷ் புத்தகம் என்னிடம் இருந்தது. காரில் வரும் சாதாரணக் கோளாறுகளை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி என்பது அதன் விஷயம். கண்ணால் பார், காதால் கேள், மூக்கால் முகர் என்று ஆரம்பித்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று. வைத்தியம் என்பதைவிட இது தியானம் மாதிரி இருந்தது. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சைலன்சருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"என்னங்க, அதும் பின்னாடி இன்னா பார்த்துக்கினு குந்திக்கினு இருக்கீங்க?"

"பொகை. கறுப்பா வந்தா பெட்ரோல் ஜாஸ்தியா போவுது. நீலமா வந்தா ஆயில் எரியுது. வெள்ளையா வந்துக்கினே இருந்தா தண்ணி பூந்துடுச்சு."

"இப்ப இன்னா கலரு?"

"ஒரு கலரும் இல்லையே."

"அப்ப அதுக்கு ஒண்ணுமில்ல. எழுந்து வாங்க. உங்க மூக்குதான் கறுப்பாயிடுச்சு."

மறுநாள் காது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால், உள்ளே நடப்பதெல்லாம் தெளிவாகக் கேட்கும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"இன்னா சொல்லுது?"

"வால்வு லேசா தட்டுது."

"மூணு வாட்டி நான் உங்களைக் கூப்ட்டேனே, அது கேட்டுதா?"

"இல்லையே."

"டிரைவரைக் கழட்டிட்டு இந்தப் பக்கம் வெச்சுக் கேளுங்க. பால் வாங்கப் போவணும்."

அதற்கு அடுத்தது சொட்டு. காருக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்துக் காலையில் பார்க்க வேண்டும். கறுப்பாகச் சொட்டியிருந்தால் இன்ஜின் ஆயில், நிறமே இல்லாமல் இருந்தால் தண்ணீர், முகர்ந்ததும் தலை கிறுகிறுத்தால் பெட்ரோல். மாமனார் எடுத்துக் கொடுத்த வேட்டியை விரித்தேன். காலையில் ஒரே ஒரு பொட்டு. மஞ்சளாக! புத்தகத்தில் மஞ்சளே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் யாரும் பார்க்காத ஒரு கோளாறை நான் பார்த்துவிட்டேன். விரலால் தொட்டேன். முகர்ந்தேன். காரமான வாசனை.

"அனந்தா! இங்க வா! மஞ்சள் கலர்ல இன்னாமோ ஒழுவுது!"

அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"அது என் கரண்டிலேர்ந்து ஒழுவினது. சாம்பார். எங்க அப்பா குடுத்த வேட்டி எங்கன்னு தேடிக்கினு வந்தப்போ."

வேலிக்கு அந்தப் பக்கம் யூசுப் அலி பாய் தேநீரைத் துப்பும் சத்தம் கேட்டது. பாய் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயிலிருந்து வந்து இங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்.

"நயினாரே, துபாய்ல காரு நின்னுச்சுன்னா ரோட்லயே உட்டுட்டு வேற காரு வாங்கிப்பான். நீங்க இன்னாடான்னா அதுக்கு நாடி பார்த்துக்கினு கீறீங்க. பேஜாரு புடிச்ச வண்டி. ஜல்தியா வித்துத் தள்ளி உடுங்க."

"பாய், கோளாறு என்னன்னு தெரியாம ஒண்ணை விக்கறது, புரியாத புத்தகத்தைத் தூக்கிப்போடற மாதிரி."

"தூக்கிப்போட்டா நிம்மதியா தூங்கலாமே!"

இதற்கிடையில் மகளைப் பார்க்க நானும் அனந்தமதியும் சில தடவை திண்டிவனம் போய்வந்தோம். முதல் தடவை விக்கிரவாண்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றது. இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். ப்ளக்கைக் கழற்றி, தீப்பெட்டியின் பக்கவாட்டில் தேய்த்து, ஊதி மாட்டினேன். அனந்தமதி காற்றாட வெளியே நின்றாள்.

"இப்போ போட்டுப் பாருங்க" என்றாள்.

போட்டேன். ஓடிற்று! ப்ளக்தான் கோளாறு என்று தெளிந்தேன்.

அடுத்த தடவை அதே இடம். ப்ளக்கைத் தேய்க்கத் தேய்க்கத் தோன்றியது, ஒரு வேளை ப்ளக்குக்குப் பொறி அனுப்பும் பாயிண்ட்டாக இருந்தால்? டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்ட்டைத் துடைத்தேன். "இப்போ போட்டுப் பாருங்க" என்றாள். ஓடிற்று! ஆக, பாயிண்ட்.

அதற்கடுத்த தடவை நல்ல வெயில். பெட்ரோல் பம்பு சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும் என்று புத்தகத்தில் இருந்தது. ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றினேன். "போட்டுப் பாருங்க." ஓடிற்று!

எந்த மருந்து கொடுத்தாலும் பிழைத்துக்கொள்ளும் நோயாளியைக் கண்டால் வைத்தியனுக்குப் பயம் வர வேண்டும். எனக்குப் பெருமை வந்தது. என் கைராசியைப் பற்றி இரண்டு மொழியிலும் யோசித்தேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். வீட்டில் நான் முன்பக்கம் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த நாட்களில், அனந்தமதி காரின் பின்பக்கம் முழுக்கப் பாயை விரித்து வடகம் பிழிந்து காய வைத்திருந்தாள். "அந்தப் பக்கம் யாரும் காலை வெக்காதீங்க" என்று உத்தரவு. நானும் வைக்கவில்லை. எனக்கு என்ன வேலை அங்கே? காருக்கு நோய் வருவது முன்பக்கம்தானே.

வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். திங்கட்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை மாலை சம்பந்தி வீட்டில் விருந்து. அதற்கு முந்தின வாரம் அனந்தமதி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் முறம் இல்லை, கரண்டி இல்லை. வெறுங்கையோடு உட்கார்ந்தாள் என்றால் பேச்சு பெரிசு என்று அர்த்தம்.

"கோளாறு இன்னான்னு கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா விக்கிரவாண்டி வரைக்குமா?"

"வெயில்தான் காரணம்னு நெனைக்கறேன். இல்லன்னா பாயிண்ட். ப்ளக்கையும் ஒதுக்க முடியாது."

"வாயும் வயிறுமா இருக்கற பொண்ணுங்க. நடு ரோட்ல புளியமரத்தடில உக்கார வெச்சுடுவீங்களா?"

"என் கை பட்டா ஓடுது. நீயே பார்த்தியே!"

"பார்த்தேன், பார்த்தேன். சரி, ஒண்ணு பண்ணலாம். நான் சனிக்கெழமையே பஸ்ல போயிடறேன். நீங்க ஞாயித்துக்கெழமை தனியா கார்ல வாங்க. எங்கயும் நிக்காம வந்துட்டீங்கன்னா, பொண்ணை நீங்களே வண்டி ஓட்டிக் கூட்டிக்கினு வாங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."

வாயே திறக்க மாட்டேன்! கல்யாணமான நாளாக இப்படி ஒரு பரிசை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

"நின்னுட்டா?"

"நின்னுட்டா, அந்தக் கார்ல யாரு எங்க குந்தணும், யாரு இன்னா வேலை செய்யணும்னு நான் சொல்றதுதான். நீங்க வாய் தொறக்கக் கூடாது."

"சரி" என்றேன். நிதானமாக யோசிக்கும் பழக்கம் எனக்குத் தேவையான நேரத்தில் மட்டும் வராது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வெயில் தணிந்ததும் கிளம்பினேன். ப்ளக் புதுசு. பாயிண்ட் பளபளவென்று துடைத்தது. பம்பின் மேல் ஈரத்துணி, பக்கத்து ஸீட்டில் ஒரு குடம் தண்ணீர். மூன்று மருந்தையும் ஒன்றாகக் கொடுத்தாகிவிட்டது. முண்டியம்பாக்கம் போயிற்று. விக்கிரவாண்டி போயிற்று. புளியமரம் வந்தது. பாட்டு வாய்வரை வந்தது.

இரண்டு இருமல். ஒரு விக்கல்.

இறங்கினேன். ப்ளக்கைத் தேய்த்தேன். ஓடவில்லை. பாயிண்ட்டைத் துடைத்தேன். ஓடவில்லை. குடத்துத் தண்ணீரை அப்படியே பம்பின் தலையில் அபிஷேகம் செய்தேன். செல்ஃப் மட்டும் முனகியது. அதே மருந்து, அதே வைத்தியன், அதே மரம். என்ன மாறியது? ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு யோசித்தேன். "இப்போ போட்டுப் பாருங்க" என்று சொல்ல ஆள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கார் என் மனைவியின் குரலுக்கு மட்டும் கட்டுப்படுமா? படலாம். வீட்டில் மற்றதெல்லாம் படுகிறதே. யாரும் இல்லையே என்று நானே குரலை மாற்றி ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். சாலையோரம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடிக் கட்டைச் சுமந்துபோன ஒரு பெண் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள்.

சமணர்களான எங்களவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் சின்னஞ்சிறு உயிர்கள் சோற்றில் விழுந்துவிடும் என்று விலக்கி வைத்தது. சம்பந்தி பார்சுவநாத் இந்த விஷயத்தில் சூரியனைவிடக் கறார். எனக்கு மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது சூரியனாகத் தெரியவில்லை. எனக்கு வைத்திருந்த பால் பாயசமாகத் தெரிந்தது.

கார் தானாக மனம் மாறிக் கிளம்பியது. கூட்டேரிப்பட்டில் மறுபடியும் நின்றது. மறுபடியும் கிளம்பியது. சம்பந்தி வீட்டு வாசலில் நான் இறங்கியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொல்லைப் பக்கம் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அது பாயசப் பாத்திரம், அது வடைச்சட்டி என்று சத்தத்தை வைத்தே என்னால் சொல்ல முடிந்தது. காதுப் பயிற்சி அந்த அளவுக்கு உதவியது.

"வாங்க சம்பந்தி" என்றார் பார்சுவநாத். "வழியிலேயே சாப்ட்டுட்டு வந்திருப்பீங்க."

"ஆமாமா" என்றது என் கௌரவம். வயிறு ஏதோ மறுத்துச் சொன்னது. அனந்தமதி கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். எண்ணெய்க் கறை படிந்த என் கையைப் பார்த்தாள். அதுவே போதும்.

திங்கட்கிழமை வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. குணமதி கை நிறையக் கண்ணாடி வளையலோடு கிளம்பத் தயாராக நின்றாள். எல்லாரும் காரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பார்சுவநாத், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை ஜீவேந்திரன்.

"எல்லார் எதிர்லயும் சொல்லுங்க. இன்னா கோளாறு?" என்றாள் அனந்தமதி.

"பாயிண்ட்டும் வெயிலும் சேர்ந்து, பம்புல ஒரு மாதிரியான…"

"மாப்ள, நீங்க கொஞ்சம் பின்னாடி வாங்க."

ஜீவேந்திரன் போனான். நானும் போனேன். இந்தக் காரை வாங்கிய நாளாக நான் அதன் பின்பக்கம் குனிந்தது அதுதான் முதல் தடவை. சைலன்சரைப் பார்த்த அன்றுகூடப் புகையைத்தான் பார்த்தேன். டிக்கிக்குக் கீழே பெட்ரோல் டாங்கியிலிருந்து சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு குழாய் எட்டிப் பார்த்தது. அதன் வாயை யாரோ மண் வைத்து அழகாகப் பூசி மெழுகியிருந்தார்கள்.

"குளவிக் கூடு!" என்றான் ஜீவேந்திரன்.

"அந்தக் குழாய் வழியாத்தான் டாங்கி மூச்சு வாங்குது மாப்ள. எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெய் வருமா? முக்கும், மொனவும், நின்னுடும். இன்னொரு ஓட்டை போட்டுக் காத்து பூந்தாத்தான் ஊத்தும். பெட்ரோல் மட்டும் வேற சாதியா?"

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன். என் குரல் எனக்கே மெலிதாகக் கேட்டது.

"மொத வாட்டி புளியமரத்தடில நின்னப்பவே. பெட்ரோல் இருக்குதான்னு மூடியைத் தொறந்தேன். உஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு உட்டுது. மூடிட்டு, போட்டுப் பாருங்கன்னேன். ஓடிச்சு. ஒவ்வொரு வாட்டியும் அதேதான். வீட்டுக்கு வந்து பின்னாடி குனிஞ்சு பார்த்தா, குளவி கூடு கட்டியிருந்துது."

"அப்ப என் ப்ளக்கு?"

"அது பாவம், சும்மா இருந்துது. நீங்கதான் போட்டுத் தேச்சீங்க."

"பாயிண்ட்டு?"

"அதுவும் பாவம்."

மானம் போனால் போகட்டும், கோளாறு தெரிந்துவிட்டது! உடனே ஒரு கம்பியை எடுத்துக் குழாயில் விடப் போனேன். நாலு பக்கத்திலிருந்தும் அலறல் வந்தது.

"உள்ள உயிர் இருக்குது சம்பந்தி!" என்றார் பார்சுவநாத், காதைப் பொத்திக்கொண்டு.

"குளவி கூடு கட்டினா வீட்ல குழந்தை வரும்னுவாங்க. பொண்ணு உண்டாயிருக்கச் சொல்லோ அதைப் போய்க் கலைப்பாங்களா?" என்றாள் சம்பந்தியம்மா. குனிந்து மண்ணைப் பார்த்தாள். "செம்மண்ணு கூடுன்னா பொண்ணுன்னுவாங்க. பேத்திதான்."

"களிமண்ணு. வெயில்ல காஞ்சு செவந்திருக்கு. பேரன்" என்றார் பார்சுவநாத்.

"பார்த்தீங்களா?" என்றாள் அனந்தமதி. "சொல்லியிருந்தா அன்னிக்கே கம்பியை எடுத்திருப்பீங்க. அதான் வடகத்தைப் பிழிஞ்சு காவல் வெச்சேன். வடகம் இல்லன்னாலும் நீங்க முன்பக்கத்தை உட்டு வர மாட்டீங்கன்னு ஒரு தைரியம்தான்."

நான் கடைசியாக ஒரு விஞ்ஞான யோசனை சொன்னேன்.

"மூடியைக் கொஞ்சம் லூசா வெச்சுட்டா காத்து தானா போவுமே?"

"பெட்ரோல் சிந்தி வாடை அடிச்சா பொண்ணுக்கு ஆவாது. கொமட்டும். இறுக்கித்தான் மூடணும். ஊருக்கு ஊரு நிறுத்தித் தொறந்து மூடணும்." அவள் குரல் மாறியது. "மாப்ள, நீங்க வண்டியை ஓட்டுங்க. நானும் குணமதியும் பின்னாடி. என்னங்க, நீங்க முன்னாடி கதவோரம் குந்துங்க. ஏறி எறங்க வசதியா இருக்கும்."

வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். திறக்கவில்லை.

அப்படித்தான் கிளம்பினோம். ஊர்ப் பலகை ஒன்று தெரிந்ததும் பின்னாலிருந்து குரல் வரும். ஜீவேந்திரன் நிறுத்துவான். நான் இறங்குவேன், மூடியைத் திறப்பேன். உஸ்ஸ். மூடுவேன், ஏறுவேன். கார் ஒரு தடவைகூட இருமவில்லை. அந்தப் பெருமூச்சைக் கேட்க எனக்கு நிஜமாகவே ஆசையாகத்தான் இருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

"அப்பா, சீக்கிரம் தொறந்துட்டு வாங்கப்பா, பசிக்குது" என்றாள் மகள்.

விக்கிரவாண்டியில் நான் கையில் மூடியோடு சாலையோரம் நின்றிருந்தபோது எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வந்து நின்றது. ஜன்னலில் யூசுப் அலி பாயின் தலை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். பின் ஸீட்டில் சாய்ந்திருந்த அனந்தமதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா நயினாரே, கடைசில காரை வித்துட்டீங்களா?"

"விக்கல பாய். அதுலயே வேலைக்குச் சேர்ந்துட்டேன்."